கிணற்றில் போடத் தகுந்த மரம்

அத்தியாயம் ஏழு: தவளைக் கூட்டுக்கு மரம் தேர்ந்தெடுத்தல்

களியக்காவிளையில் எங்கள் பழைய வீட்டுக் கிணறு வெட்டுக்கல்லால் கட்டியது. கும்ப மாதம் பிறந்து தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியதும் எட்டிப் பார்த்தால், அடியில் வட்டமாக ஒரு கருத்த மரச்சட்டம் தெரியும். அதுதான் நெல்லிப்பலகை. கிணறு வெட்டி ஊற்றுக் கண்டதும் நெல்லி மரத்தை அறுத்து வளையமாகப் பொருத்தி அடியில் இறக்குவார்கள். அதன்மேல் கல் வைத்துக் கட்டிக்கொண்டே மேலே வருவார்கள். தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் நெல்லி எளிதில் இற்றுப்போகாது. தண்ணீரைத் தெளியவும் வைக்கும் என்று பாட்டா சொல்வார். அந்தச் சட்டத்தின் விளிம்பில் எப்போது பார்த்தாலும் ஒன்றிரண்டு தவளைகள் உட்கார்ந்திருக்கும். வாளி இறங்கும் சத்தம் கேட்டால் 'ப்ளக்' என்று உள்ளே விழும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே இடத்துக்கு ஏறி வந்துவிடும்.

வளர்ப்புத் தவளைக்கு எந்த மரம் வைக்கலாம் என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வரும். குடிக்கிற தண்ணீரில் வருஷக்கணக்காக ஊற வைக்க உங்களுக்கு மனம் ஒப்புகிற மரமா? அப்படியானால் அது தவளைக்கு ஆகும். மனம் ஒப்பவில்லை என்றால் அதன் வடிவம் எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் பின்தொடையிலும் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் பதித்து உட்கார்ந்து, தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. எனவே ஈரமான மரத்துண்டின்மேல் அது உட்கார்ந்திருக்கும்போது, அந்த மரத்தில் கரையக்கூடியது எது இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போகும். பல்லிக்கோ ஓணானுக்கோ செதில் காவலாக இருக்கிறது, தவளைக்கு அப்படி எதுவும் இல்லை. ஓணான் கூட்டில் ஒரு வருஷம் பிரச்சினையில்லாமல் கிடந்த கொம்பு தவளைக்கு ஒரே வாரத்தில் கேடு செய்யலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நூலில் வளர்ப்புத் தவளை என்று நான் சொல்வது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை, தென் அமெரிக்காவின் பேக்மேன் தவளை போல வளர்ப்பிலேயே பிறந்த வெளிநாட்டு இனங்களை. மழைக்காலத்தில் உங்கள் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மரத்தவளையையும் வயலில் கத்தும் பெருந்தவளையையும் பிடித்துப் பெட்டியில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பட்டியலிட்ட உயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. எந்தத் தவளை எந்த இனம் என்று பிரித்தறிவது நம்மைப் போன்றவர்களால் ஆகிற காரியம் இல்லை, அதனால் எதையும் தொடாமல் இருப்பதே சரி. வெளிநாட்டு இனத்திலும், சிவப்புக்கண் மரத்தவளை, அம்புநஞ்சுத் தவளை போல சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விவரம் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

இனத்தைவிட வரலாறு முக்கியம்

மரம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த மரம் என்பது. அதற்கு முன் கேட்க வேண்டியது, இந்தத் துண்டு எங்கே நின்றது, எங்கே கிடந்தது, இதன்மேல் என்ன பட்டது என்பது. விளவங்கோடு வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசியம் உண்டு. நம்மைச் சுற்றி எங்கே திரும்பினாலும் கைக்கு எட்டுகிற மரம் ரப்பர்தான்.

ரப்பர் தோட்டத்தில் மறுநடவுக்காக மரம் வெட்டும்போது வேரும் கவைகளும் சும்மா கிடக்கும். வளைந்து நெளிந்து, பார்த்தால் கண்ணாடித் தொட்டிக்கென்றே செய்தது போல இருக்கும். நானும் அதில் ஏமாந்தேன். தவளை வளர்க்கத் தொடங்கிய முதல் வருஷம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வேர்த்துண்டைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் தண்ணீரில் போட்டெடுத்து, பச்சை மரத்தவளையின் தொட்டியில் வைத்தேன். மூன்றாம் நாள் அது மரத்தை விட்டு இறங்கித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. பகலிலும் கண்ணைத் திறந்தபடி இருந்தது, பாச்சையைக் காட்டினால் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது அடிவயிறும் தொடையின் உட்புறமும் சிவந்திருந்தன. உடனே தொட்டியைக் காலி செய்தேன். வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் நனைத்த வெள்ளைத் தாளை விரித்து அதில் விட்டு, ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரைத் தினமும் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் இரை எடுத்தது. தப்பித்தது. தவறு முழுக்க என்னுடையது.

அந்த வேரில் இருந்தது என்ன என்று பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ரப்பர் மரத்தின் பால் ஒன்று. மழைக்கு முன் இலையுதிர் நோய்க்காகத் தோட்டங்களில் தெளிக்கும் தாமிர மருந்து ஒன்று. கவையில் பூசும் போர்டோ குழம்பிலும் தாமிரம்தான், தாமிரம் தவளைகளுக்கும் மீன்களுக்கும் நஞ்சு. வெட்டுப்பட்டைக்கு மேலே மழைநீர் வடியாமல் பிளாஸ்டிக் பாவாடை ஒட்டப் பூசும் தார் ஒன்று. அடியில் களைக்கு அடிக்கும் மருந்து ஒன்று. இதில் எது என் தவளையைச் சாய்த்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. ரப்பரை முழுசாக விலக்கிவிடுங்கள்.

அறுவை மில்லில் கிடைக்கும் சுத்தமான ரப்பர் பலகையும் வேண்டாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாட்களிலேயே நீலம் பாய்ந்து பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். அதனால் அறுத்த பலகையை உருளைக்குள் வைத்து அழுத்தம் கொடுத்து வெண்காரம், போரிக் அமிலம் ஏற்றுகிறார்கள். அந்த உப்பு மரத்தோடு இறுகிப் பிடிப்பதில்லை, ஈரத்தில் கரைந்து வெளியே வரும். ஒருமுறை துண்டு கேட்டுப் போனபோது மில்லில் இருந்த வயசான ஆசாரியே என்னைத் தடுத்தார். "தவளைக்கா? இது வேண்டாம் மக்கா. மருந்து ஏத்தாம இங்கேருந்து ஒரு ரப்பர் தடியும் வெளிய போவாது, கேட்டியா." அன்றைக்கு அவரே தன் வீட்டுப் பின்புறம் முறிந்து விழுந்திருந்த கொய்யாக் கொம்பை எடுத்துப் போகச் சொன்னார்.

இதே காரணத்துக்காகப் பிளைவுட், பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம், கறையானுக்கு (நம் பக்கத்துச் சிதலுக்கு) மருந்து பூசிய கழுக்கோல், பச்சை நிறம் ஏறிய கம்பம் எதுவும் வேண்டாம். சரக்குப் பெட்டி, பேலட் பலகையிலும் கை வைக்காதீர்கள். அதில் 'எம்.பி.' என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது என்று பொருள். 'எச்.டி.' என்று இருந்தால் சூடு மட்டும் காட்டியது. ஆனால் பெரும்பாலும் அது பைன் மரமாக இருக்கும், அதன் பிசினும் தவளைக்கு ஆகாது. போதாததற்கு, அந்தப் பலகையின்மேல் என்ன சரக்கு கொட்டியது என்று யாருக்கும் தெரியாது.

வாழைத்தோட்டத்து ஓரத்திலும், மருந்து தெளித்த கமுகுத் தோட்டத்திலும் விழுந்து கிடக்கும் கொம்புகளும் இந்தக் கணக்கில்தான் வரும்.

நம் வளாகத்து மரங்கள்

என் கணக்கில் முதல் இடம் கொய்யாவுக்கு. ஒவ்வொரு வீட்டுப் புறவாசலிலும் ஒரு மரம் நிற்கும். கனமான, நெருக்கமான மரம். பட்டை தானாகவே தகடு தகடாக உரிந்துவிடும், உள்ளே வழுவழுப்பாக இருக்கும், சிராய் நிற்காது. பாலும் பிசினும் இல்லை. கவை கவையாகக் கிளைப்பதால் மரத்தவளை இரவில் ஏறி இறங்கவும், பகலில் காலை மடக்கிப் படுக்கவும் தோதான வளைவுகள் கிடைக்கும். ஈரத்தில் ஒரு வருஷத்துக்குமேல் தாங்கும். கொய்யா கிடைக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பது என் தீர்ப்பு.

நெல்லியும் அதற்குச் சளைத்தது அல்ல. கிணற்றில் தேறிய மரம். பட்டையில் துவர்ப்பு மிகுதி. ஊறப் போட்டால் முதல் வாரம் தண்ணீர் கட்டன்சாயா போல நிறம் மாறும். அது துவர்ப்புச் சத்துதான், பயப்பட வேண்டாம், பட்டையைச் சீவிவிட்டு நிறம் வெளிறும்வரை தண்ணீர் மாற்றினால் போதும். புளியங்கொம்பும் உறுதியானது, மருந்து படாத வீட்டு மரமாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

பலா, அயினி இரண்டும் பால் மரங்கள். பச்சையாகத் தொடவே கூடாது. வருஷக்கணக்கில் காய்ந்த வைரம் என்றால் பால் இராது, ஆனால் பலாவின் மஞ்சள் சாயம் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் போட்ட மரம் அது. சாயம் தவளைக்கு எவ்வளவு ஆகும் என்று சோதிக்க நம் தவளையை ஏன் பலியிட வேண்டும்? மாமரம் ஈரத்தில் சீக்கிரம் பூத்து இற்றுப்போகும், பச்சைக் கொம்பின் பால் தோலைப் புண்ணாக்கும். நன்றாகக் காய்ந்ததாக இருந்தாலும் நான் வைப்பதில்லை.

கொல்லாமரத்தை, அதாவது முந்திரியை, அறவே விலக்குங்கள். அண்டி ஆபீஸில் வேலை செய்த பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். தோட்டை உடைக்கும்போது கசியும் எண்ணெய் பட்டு விரல் நுனி கருத்துத் தோல் உரிந்திருக்கும். மனிதத் தோலையே அப்படிச் செய்கிற மரக்குடும்பத்தைத் தவளைத் தோலோடு சேர்க்கக் கூடாது. இந்த எண்ணெய் வள்ளங்களுக்கும் மரச்சாமான்களுக்கும் பூசப்படுவது உண்டு. ஆகவே பழைய வள்ளத்துப் பலகை எவ்வளவு அழகாக வெளுத்திருந்தாலும் வாங்காதீர்கள். அண்டி எண்ணெய், மீன் எண்ணெய், தார் எல்லாம் அதன் உள்ளே ஊறியிருக்கும்.

வேம்பு நல்ல மரம்தானே என்று பலர் கேட்கிறார்கள். நமக்கு நல்லது. ஆனால் பூச்சிகளை விரட்டவும் அவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கவும் வல்ல சத்து அதில் இருக்கிறது. தவளைத் தொட்டியில் இரையாகப் போடுவதும், கழிவைத் தின்று மண்ணைச் சுத்தமாக்குவதும் பூச்சிகள்தான். புங்குக்கும் இதே தீர்ப்பு. தேக்கு இற்றுப்போகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் எண்ணெயும் பூஞ்சையைக் கொல்லும் பொருள்களும். தேக்குத்தூள் பட்டு ஆசாரிமாருக்கே அரிப்பு வருவது உண்டு. யூகலிப்டஸ் கூட்டுக்குள் நுழையவே கூடாது, அதன் வாசனையே போதும்.

நேரடி நஞ்சுகள் தனி: அரளி, மஞ்சள் அரளி, ஒதளம், எருக்கு, காஞ்சிரம் என்று நாம் சொல்லும் எட்டி, கள்ளி, ஏழிலைப்பாலை. இவற்றில் ஒரு சுள்ளிகூட மற்ற விறகோடு கலந்து வந்துவிடக் கூடாது. 1956-இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே கோடு பிரிந்தாலும் மரங்களின் பெயர்கள் இன்னும் இரண்டு பக்கமும் கலந்துதான் கிடக்கின்றன. நாம் அயினி என்பதைப் பாறசாலைக்காரர் ஆஞ்ஞிலி என்பார். விறகுக்கடையில் ஒரு பெயரைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வராதீர்கள். இலையோடு நிற்கும் மரத்திலிருந்து நீங்களே வெட்டிய கொம்பு மட்டும்தான் நிச்சயமானது. மரம் தெரியாத துண்டு நல்ல துண்டாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

தென்னை மரம் அல்ல என்றாலும் நமக்குக் கிடைத்த வரம். பேக்மேன் தவளை மரம் ஏறாது, மண்ணுக்குள் பாதி புதைந்து உட்கார்ந்து வாய்க்கு வருவதைப் பிடிக்கும். அதற்குக் கிளை எதற்கு? தவளையின் அளவுக்குத் தக்க பெரிய சிரட்டை ஒன்றை எடுத்து, உள்ளே ஒட்டிய பருப்பைச் சுரண்டி, வெளி நாரை நீக்கி, வாசலுக்கு ஓரத்தை அறுத்து அரத்தால் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால் அதுதான் வீடு. தரையில் போடும் தென்னை நார்த்துகளில் மட்டும் கவனம் வேண்டும். கதம்பையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுக்கும் இடங்களிலிருந்து வரும் துகளில் உப்பு இருக்கும். பிழிந்த நீரை நாக்கில் தொட்டால் தெரியும். கரிப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். பனையின் கருக்கும் நாரும் கூரானவை, அது வேண்டாம்.

மூங்கில் குழாய் மரத்தவளைக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு கணுவுக்கு இடையில் வெட்டிச் சாய்த்து வைத்தால் பகல் முழுக்க உள்ளே தூங்கும். ஆனால் வெட்டு வாயில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பிளந்தால் விளிம்பு கத்தி போல இருக்கும். கடையில் வாங்கும் மூங்கில் மருந்தில் நனைத்ததாக இருக்கலாம். பச்சை மூங்கிலை நீங்களே வெட்டிக் காயவைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடற்கரை, ஆறு, கடை

தேங்காப்பட்டணம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரத்துண்டுகள் கண்ணைப் பறிக்கும். உப்பு அதன் நடுவரை ஏறியிருக்கும், அதை எடுக்க மாதக்கணக்கில் நல்ல தண்ணீர் மாற்ற வேண்டும். எந்த மரம், எந்தப் படகின் டீசல் என்று தெரியாத பொருளுக்கு இத்தனை பாடு வேண்டாம் என்பேன். குழித்துறை ஆற்றில் மழைக்குப் பின் ஒதுங்கும் வேர்கள் கொஞ்சம் மேல். பட்டை, பால், மென்பகுதி எல்லாம் ஆறே உரித்திருக்கும். எனினும் மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் தோட்டத்து மருந்தும் அதே ஆற்றில்தான் வருகின்றன. எடுத்தால் கீழே சொல்லும் முறையில் ஒன்றையும் குறைக்காதீர்கள். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளிருந்து விழுந்த சுள்ளியைக்கூட எடுத்து வரக் கூடாது. அது சட்டப்படி குற்றம், அங்குள்ள தவளைகளுக்கு அந்தச் சுள்ளிதான் கூரை.

சென்னை கொளத்தூரிலும் திருவனந்தபுரம், கொச்சிக் கடைகளிலும் மலேசிய டிரிஃப்ட்வுட், மோபானி, கார்க் பட்டை கிடைக்கின்றன. கார்க் பட்டை ஈரத்தில் இற்றுப்போகாது, எடையும் இல்லை, கைக்குக் கட்டுப்படியானால் வாங்கலாம். வாங்கும்போது இரண்டு துண்டுகளைப் பசையால் ஒட்டிய மூட்டு இருக்கிறதா, மேலே மெருகு அடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஈரக்கையால் தேய்த்தால் மெருகு வழுக்கும்.

பக்குவம் செய்வது

காலம் முக்கியம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடியில் வெட்டிய கொம்பை எத்தனை நாள் திண்ணையில் வைத்தாலும் காயாது, பூசணம்தான் பிடிக்கும். மகரம், கும்பம் மாத வெயில்தான் இதற்கு ஏற்றது. வெட்டியதும் பட்டையை உரித்து, தரையில் படாமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றி, இரண்டு மாதம் போடுங்கள். கொய்யாக் கொம்பு காய்ந்ததும் வெட்டு முனையில் மெல்லிய வெடிப்பு விடும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். ஈரம் இருந்தால் 'தொப்' என்று அடங்கும்.

அடுத்து நகச் சோதனை. கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். இறங்கினால் இற்றுப்போன பகுதி, வெட்டி எறியுங்கள். ஓட்டையிலிருந்து மாவு உதிர்ந்தால் வண்டு இருக்கிறது. பிறகு ஒரு வெள்ளை வாளியில் நல்ல தண்ணீர் விட்டு மரத்தை மூழ்க வையுங்கள், மேலே கல் ஏற்றுங்கள், மூடிவிடுங்கள். மறுநாள் காலை மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கை வையுங்கள். மண்வாசனை, சாயா வாசனை பரவாயில்லை. டீசல், தார், கற்பூரம், மருந்து, புளிப்பு எதுவாக இருந்தாலும் அந்தத் துண்டு அடுப்புக்குப் போகட்டும். பிறகு தண்ணீரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு நிறம் சரி. மேலே வானவில் போல எண்ணெய்ப் படலம், கலக்கினால் அடங்காத நுரை, பால் போன்ற கலங்கல், இந்த மூன்றும் சரியில்லை. தினமும் தண்ணீரை மாற்றி, நிறம் ஏறக்குறையத் தெளியும்வரை விடுங்கள். கொய்யாவுக்கு ஒரு வாரம் போதும், நெல்லிக்கு மூன்று வாரம்கூட ஆகும்.

அதற்குப் பிறகு கொதிக்க வைப்பது. இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். உலகம் முழுக்கத் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்தில்தான் பரவுகிறது. 1990-களின் இறுதியில் அடையாளம் காணப்பட்ட இந்த நோய் 500-க்கும் மேற்பட்ட இனங்களைக் குறைத்திருக்கிறது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் சூட்டைத் தாங்காது, கொதிநீரில் நிமிடக் கணக்கில் சாகும். மரத்தின் உள்ளே சூடு ஏற வேண்டும் என்பதால் விரல் கனம் என்றால் ஒரு மணி நேரம், கைக்கனம் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கட்டும். நெல் அவிக்கிற சருவம் இருந்தால் வசதி. அதில் பிறகு சோறு பொங்கக் கூடாது, இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்குங்கள். சருவத்தில் அடங்காத பெரிய துண்டை நாலைந்து தடவை கொதிநீர் ஊற்றி, பிறகு ஒரு வாரம் கடும் வெயிலில் உலர்த்துங்கள். முழுசாக உலர்ந்தாலும் இந்தப் பூஞ்சை சாகும். பினாயில், டெட்டால், பிளீச்சிங் பவுடர் ஒன்றும் வேண்டாம். மரம் அவற்றைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு தவளைக்குக் கொடுக்கும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் அந்தத் தண்ணீரையும் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

கடைசியாக உப்புத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மரத்தின் எல்லாப் பக்கத்தையும் உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிராய் கைக்குத் தெரியும். உங்கள் கையில் உறுத்துவது தவளையின் வயிற்றைக் கிழிக்கும்.

கூட்டுக்குள் வைக்கும்போது

பச்சை மரத்தவளை பத்து சென்டிமீட்டர் வரை வளரும், எடையும் இருக்கும். கிளை அதன் உடம்பின் அகலத்துக்காவது இருக்கட்டும். மெல்லிய குச்சியில் அது காலை நெருக்கிக்கொண்டு தூங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். செங்குத்தாக ஒன்று, சாய்வாக ஒன்று, மேலே படுக்கையாக ஒன்று என்று வையுங்கள். கனமான துண்டை மண்ணின்மேல் வைக்காதீர்கள், கண்ணாடித் தரையில் நேரடியாக ஊன்றிவிட்டு அதைச் சுற்றி மண்ணைப் போடுங்கள். மண்ணைத் தோண்டும் தவளையின்மேல் மரம் சரிந்து விழுந்து நசுங்கிய சம்பவங்கள் வளர்ப்பவர்களிடையே நடக்கின்றன, ஒரு நிமிட வேலையில் தவிர்க்கக்கூடிய சாவு அது. செம்பு, பித்தளைக் கம்பி கூடாது. மரப்பசை ஈரத்தில் கரையும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மீன்தொட்டிக்கான சிலிக்கான் மட்டும், அதன் காடி நெடி முழுக்கப் போகும்வரை தவளையை உள்ளே விடக் கூடாது.

முதல் இரண்டு மூன்று வாரம் புது மரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு போலப் படரும். மரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரை தீரும்வரை அது இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், மூடியின் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். ஒரு மாதம் கழித்தும் திரும்பத் திரும்ப வந்தால், பச்சையோ கறுப்போ நிறத்தில் வந்தால், அல்லது மரத்தில் நகம் இறங்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். மரம் வைத்த முதல் வாரம் தினமும் ஒருமுறை தவளையைப் பாருங்கள். மரத்தில் இருக்கிறதா, தண்ணீருக்குள் ஒளிந்துகொள்கிறதா? அடிவயிறு வெளுப்பா, சிவப்பா? மரத்தை விட்டுத் தண்ணீருக்குப் போய்த் திரும்பாமல் இருப்பதுதான் முதல் அடையாளம். அன்றைக்கே மரத்தை எடுத்துவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விட வேண்டாம். சிவப்போ சோர்வோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய மரத்தை எங்கே போடுவது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தவளையின் தொட்டியில் கிடந்த மரத்தையும் அந்தத் தொட்டியைக் கழுவிய தண்ணீரையும் வாய்க்காலிலோ குளத்திலோ கிணற்றடியிலோ விடாதீர்கள். அதிலுள்ள நோய் நம் ஊர்த் தவளைகளுக்குப் புதிதாக இருக்கலாம். மரத்தை எரித்துவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, நீர்நிலைக்குத் தொலைவான காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். கூட்டுக்குள் போகாத, மருந்து படாத, மிஞ்சிய கொய்யாக் கொம்புகளுக்கு வேறு வேலை இருக்கிறது. கிணற்றடியில் நிழலான மூலையில் அவற்றைக் குவித்து வையுங்கள். எடவப்பாதி மழை பிடித்த முதல் வாரத்தில் அடியிலிருந்து தேரைகள் வெளியே வரத் தொடங்கும்.